விளக்குக்கு முன்னால்

பெட்டியைத் திறந்ததும் டாரலின் கண்ணில் பட்டது துப்பாக்கி அல்ல, பெயர். கனத்த தோல் இடுப்புவாரின் பின்பக்கத்தில், இரண்டு ரோஜாப்பூக்களுக்கு நடுவே, உளி வைத்துச் செதுக்கியிருந்தார்கள்: சோபா கிட்.

"யாரு இது?" என்றான்.

"நீதான், மாப்ளே" என்றார் லூயி அராம்பெல். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி, மெத்தை வாங்க வந்த ஜோடியைப் பார்க்கிற அதே கண்ணால் மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "துப்பாக்கி கிளப்புல பதிஞ்சாச்சு. பதிஞ்ச பேரை வேற எவனும் தொட முடியாது. நீ செத்தாலும் அது உன் பேருதான். இந்த உலகத்துல இவ்வளவு கியாரண்டியோட வேற என்ன கிடைக்குது, சொல்லு?"

அன்று காலை டாரல் சொல்ல வந்தது வேறு. குளியலறைக் கண்ணாடி முன் நின்று நாலு தினுசாகச் சொல்லிப் பார்த்து, அதில் சுமாரான ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தான். கடை திறந்ததும் கல்லாவருகே போய், "லூயி, எனக்கு ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். "ஒண்ணு வேணும், அதானே? வாங்கி வெச்சாச்சு" என்று பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டார் பெரியவர். அவன் சொல்ல வந்தது, கடையை விட்டுப் போகிறேன் என்பது. ஓரிகனில், மலையடிவாரத்தில், அரசாங்க மீன் பண்ணையில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. டிரவுட் குஞ்சுகளுக்குத் தீனி போட்டு, தொட்டி கழுவி, வளர்ந்ததும் ஆற்றில் கொண்டுபோய் விடுகிற வேலை. ஜூன் கடைசித் திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். போன கோடையில் நடீனுடைய தோழி வீட்டுக்குப் போனபோது அந்தப் பண்ணையைப் பார்த்தான். ஒரு கை தீனியை வீசினால் தொட்டி முழுக்கத் தண்ணீர் சிலிர்த்தது. அங்கே யாரும் பேசவில்லை. மீன்களுக்கு எதையும் விற்க வேண்டியதில்லை என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நடீன் அவன் மனைவி, லூயியின் ஒரே மகள். விஷயத்தைக் கேட்டதும் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டாள். "நீ அப்பாகிட்ட சொல்லு, நான் மூட்டை கட்டறேன். ஆனா நீதான் சொல்லணும். என்னைச் சொல்லச் சொல்லாதே. நான் பொறந்ததுலேருந்து அந்த ஆளுகிட்ட ஒரு வாக்கியம் முழுசா சொல்லி முடிச்சதில்ல."

அதில் மிகை எதுவும் இல்லை. நெவாடாவின் அந்த நெடுஞ்சாலை ஊரில் அராம்பெல் பர்னிச்சருக்குள் நுழைந்தவர் வெறுங்கையோடு வெளியே போனதாக யாருக்கும் நினைவில்லை. லூயியின் தொழில் ரகசியம் ரொம்பச் சின்னது. எதிராளி வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அவர் பதில் சொல்லிவிடுவார். "கொஞ்சம் யோசிச்சு..." என்று ஆரம்பிப்பவரிடம், "யோசிக்கத்தான் இந்த நாற்காலி, உட்காருங்க" என்பார். உட்கார்ந்தால் ஒரு கம்பியை இழுத்துக் காலைத் தூக்கிவிடுவார். கால் மேலே போன மனிதனால் பேரம் பேச முடியாது. வந்தவர் தானே காலை இறக்கிக்கொண்டு எழுந்திருக்கக் கூச்சப்பட்டு, எழுந்திருக்கும்போது வாங்கியிருப்பார்.

மருமகனிடமும் அதே வித்தைதான். தங்கச் சுரங்கத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க நில்லு" என்றார். டாரல் நின்றான். கிளம்பலாம் என்று முதன்முறை வாயெடுத்தபோது ஒரு வண்டி பரிசாக வந்தது. இரண்டாம் முறை கடைக்குப் பின்னால் இருந்த வீடு. மூன்றாம் முறை கடையிலேயே விலை அதிகமான சாய்வு நாற்காலி. எதற்கும் அவர் கணக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

இப்போது துப்பாக்கி. பழைய மாடுமேய்ப்பன் காலத்து மாதிரி, ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டிய ரகம். அதில் போடுவது மெழுகுக் குண்டு. குதிரையும் காளையும் அடக்குகிற ரோடியோ மைதானத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், ஞாயிறு தோறும் கிளப் கூடும். தொப்பியும் பூட்ஸும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், சொந்தப் பெயரைச் சொல்லியும் கூப்பிடமாட்டார்கள். லூயிக்கு அங்கே பெயர் 'கடைசி விலை'. வருடாந்திரப் போட்டியில் அவர் தோற்று ரொம்ப நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை டாரலுக்குத் தொடக்கப்பாடம் நடத்த வந்தவள் ஓப்பல். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கிளப்பில் 'இஸ்பேட் ராணி'. ஒல்லியான உடம்பு, பெரிய தொப்பி, சிகரெட் குரல்.

"முதல்ல மெதுவா. தேன் ஊத்தற மாதிரி" என்றாள். "உறையை விட்டு வெளிய வந்து, தகட்டைப் பாத்து நேரா ஆன பிறகுதான் விரல் விசைக்குப் போகணும். அவசரப்பட்டா என்ன ஆகும்னு சொல்ல மாட்டேன், நீயே தெரிஞ்சுக்குவ."

ஏழெட்டுத் தப்படி தூரத்தில் வட்டமான இரும்புத் தகடு. அதன் நடுவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு விளக்கு. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், ஆளுக்கொரு தகடு. "தயார்!" என்று குரல் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும். விளக்கு உடனே எரியாது. இரண்டு மூச்சு விட்டும் எரியலாம், நாலு மூச்சு விட்டும் எரியலாம். எரிந்ததும் உருவிச் சுட வேண்டும். முதலில் தகட்டை அடித்தவருக்கு வெற்றி. விளக்கு எரிவதற்கு முன்னால் துப்பாக்கி உறைக்குள் அசைந்தாலே தப்பாட்டம்.

டாரல் மெதுவாகவே ஆரம்பித்தான். ஒரு மணி நேரத்தில் தகட்டைத் தொட்டும்விட்டான். 'டங்' என்ற அந்தச் சத்தம் அவன் நெஞ்சுக்குள் எங்கோ போய் விழுந்தது. தான் ஆரம்பித்து, தன் கையால், முழுதாக நடந்து முடிந்த ஒரு காரியம். பின்னாலிருந்து லூயி, "மாப்ளே, வேகமா! இது என்ன, கல்யாண ஊர்வலமா?" என்றார். டாரல் வேகமாக இழுத்தான். துப்பாக்கி உறையிலிருந்து பாதி வரும்போதே வெடித்தது. மெழுகு அவன் கெண்டைக்காலில் பட்டு, அவன் ஒற்றைக்காலில் கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"பாத்தீங்களா! சோபா கிட்டுக்குக் கால் மேல போயிடுச்சு!" என்று லூயி கைதட்டினார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. டாரலும் சிரித்தான். சிரிக்காவிட்டால் வலிக்கிறது என்று ஆகிவிடும்.

காலில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்தவனை ஓப்பல் சும்மா விடவில்லை. "நொண்டிக்கு வேற வேலை இருக்கு. போய்க் கை பாரு" என்றாள். சுடுகிற ஒவ்வொருவருக்கும் பக்கவாட்டில் ஒரு முக்காலி. அதில் உட்காருகிறவர் துப்பாக்கிப் பிடியை மட்டும் பார்க்க வேண்டும். முன்கூட்டி அசைந்தால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் அந்தச் சுற்று செல்லாது. "விளக்கைப் பாக்காதே. எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. விளக்கு எரியறது பக்கத்துச் சுவர்த் தகரத்துல மின்னும், அது ஓரக்கண்ணுக்கே தெரியும். உன் கண்ணு கையில இருக்கட்டும்."

அடுத்து அவன் பக்கம் வந்து நின்றது லூயி.

"தயார்!"

டாரல் பார்த்தான். மாமனாரின் பிடி, நகக்கண் அளவுக்கு, உறைக்குள்ளிருந்து மேலே வந்தது. தகரம் மின்னவில்லை. லூயி லேசாக இருமினார், பிடி மறுபடி உள்ளே அமர்ந்தது. இன்னொரு மூச்சு. மறுபடி ஒரு நகக்கண். அப்போதுதான் தகரம் மின்னியது, அதற்குள் 'டங்'. கொட்டகை கைதட்டியது. டாரல் கையைத் தூக்காமல் எதிர்ப்பக்க முக்காலியில் இருந்தவரைப் பார்த்தான். அவர் தன் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த சுற்று. இருமல், நகக்கண், டங். மைதானத்துக்கு வெளியே லூயி இருமி டாரல் கேட்டதே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில், சொரீசோ தொத்திறைச்சி வெந்துகொண்டிருந்த அடுப்புப் பக்கம், ஓப்பலிடம் மெல்ல ஆரம்பித்தான். "லூயியோட கை..."

"முப்பது வருஷம் சீட்டுப் போட்டிருக்கேன்" என்றாள் ஓப்பல். "எவன் சட்டைக்கைக்குள்ள என்ன வெச்சிருக்கான்னு அவன் பொண்டாட்டிக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் யாரும்..."

"நீ எதுல உட்கார்ந்து டிவி பாக்கற?"

"அவர் கொடுத்த நாற்காலில."

"நானும்தான். என் தங்கச்சியும், பாதிரியாரும், இந்த ஊர்ல முதுகு இருக்கிற எல்லாரும்தான். எவனுக்கும் தவணை தள்ளிப்போனப்ப லூயி முகம் சுளிச்சதில்ல. வாரத்துக்கு ஒரு நாள் அவர் ஒரு நகக்கண் முன்னாடி போனா என்ன இப்போ?" ரொட்டியைப் பிட்டு வாணலியில் தோய்த்துக்கொண்டாள். "ஏமாத்தறோம்னுகூட அவருக்குத் தெரியாதுன்னு வையி. அவருக்குப் பொறுத்து நிக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து டாரலுக்குக் கடையிலும் அதுதான் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் மூச்சை இழுப்பார், வாய் திறக்கும், சொல் வருவதற்குள் லூயியின் பிடி ஒரு நகக்கண் மேலே வந்திருக்கும். அவன் தானே மூன்று முறை கல்லாவருகே போய் நின்றான். ஒரு முறை சரக்கு வண்டி வந்துவிட்டது என்று அனுப்பப்பட்டான். ஒரு முறை சட்டை நன்றாக இருக்கிறது என்று பாராட்டப்பட்டான். மூன்றாம் முறை, "லூயி, நான்" என்றதும், "நீதான், வேற யாரு? நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் ஒரு மனிதனிடம் என்ன சொல்ல முடியும்? டாரல் போய்ச் சாய்வு நாற்காலிகளின் தூசியைத் துடைத்தான். வரிசையாக நாற்பது நாற்காலிகள், எல்லாம் கைகளை விரித்துக்கொண்டு.

ஜூன் கடைசி ஞாயிறு வருடாந்திரப் போட்டி. மறுநாள் திங்கள், பண்ணைக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். டாரல் முதல் சுற்றிலேயே தோற்றான். மெதுவாகச் சுட்டான், அடித்தும்விட்டான், ஆனால் எதிராளி அதற்குள் அடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அதில் அவனுக்கு வருத்தமில்லை. வருத்தம் கொட்டகைக்கு வெளியே நின்றது. கடையின் சரக்கு வண்டி, அதன் மேல் தார்ப்பாய் போட்டு மூடிய நீளமான பலகை. காலையில் வந்தபோது காற்றில் தார்ப்பாயின் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. புதிய பெயிண்ட், தங்க நிற எழுத்து. 'அராம்பெல் & கிட்' என்று படித்தான். அவனுடைய சொந்தப் பெயர் அதில்கூட இல்லை.

இறுதிச் சுற்றுக்கு லூயியும் ஓப்பலும் வந்தார்கள். சுடுவதற்கு முன் லூயி தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"எனக்கு வயசாச்சு. சிரிக்காதீங்க, கண்ணாடி காட்டுது. இன்னைக்கு ஜெயிச்சா இந்த வாரைக் கழட்டிடறேன். கூடவே கடைச் சாவியையும் மாப்ளே கையில குடுத்துடறேன். வெளிய வண்டில ஒரு போர்டு நிக்குது, இங்கயே எல்லார் முன்னாடியும் திறக்கறோம். தோத்தா, அடுத்த வருஷம் வரைக்கும் உங்க தலையெழுத்து நான்தான்."

கைதட்டல் தகரத்தில் மோதித் திரும்பியது. யாரோ டாரலின் முதுகில் ஓங்கி அடித்து, "அதிர்ஷ்டக்காரன்டா நீ!" என்றார்கள். நடீன் கூட்டத்தில் காகிதத் தட்டோடு நின்றாள். தட்டில் இருந்த ரொட்டியை அவள் கடிக்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. வீட்டில் படுக்கைக்கு அடியில் மடித்த அட்டைப்பெட்டிகள் இருந்தன. அவற்றைப் பிரித்து ஒட்ட அவள் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"கை பாக்க யாரு?" என்று நடுவர் கேட்டார்.

"என் பக்கம் நம்ம மாப்ளே உட்காரட்டும்" என்றார் லூயி. "வீட்டு ஆளு."

டாரல் முக்காலியில் உட்கார்ந்தான். ஊர் முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. தூக்காமல் இருந்தால் சாவி. ஊரே சாட்சியாக, கைதட்டலோடு, திருப்பிக் கொடுக்க முடியாதபடி கைக்கு வரும். தூக்கினால்? கிழவர் இத்தனை வருடம் ஜெயித்தது அத்தனையும் அந்தக் கையோடு சேர்ந்து சந்திக்கு வரும். அதிலும் தூக்குகிறவன் ஒழுங்குக்காகத் தூக்குகிறானா, ஓடுவதற்காகத் தூக்குகிறானா என்று அவனுக்கே தெரியாது.

"தயார்!"

பிடி, நகக்கண் அளவு, மேலே வந்தது. இருமல் இல்லை. தகரம் மின்னவில்லை. பிறகுதான் மின்னியது. 'டங்!' லூயியின் தகடு. கைதட்டல் எழுந்து, பாதியில், துணி கிழிந்த மாதிரி நின்றது.

டாரலின் வலது கை மேலே இருந்தது. எப்போது போனது என்று அவனுக்கே நினைவில்லை.

ஓப்பல் தன் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுத் தொப்பியை முன்னால் இழுத்துக்கொண்டாள். லூயி திரும்பிப் பார்த்தார். சிரித்தார், விற்பனைச் சிரிப்பு.

"என்ன மாப்ளே, ஈயா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அது ஒரு கதவு. அவரே திறந்து வைத்த கதவு. ஆமாம், ஈதான் என்று கையை வீசிவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

"இல்ல, லூயி. முன்னாடியே போயிட்டீங்க."

லூயி நடந்து வந்தார். முக்காலிக்கு முன்னால், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"மீனுதானே?"

டாரலின் கை இறங்கியது.

"உன்னைப் பத்தி விசாரிக்க பண்ணைக்காரன் யாருக்குப் போன் பண்ணுவான்? இத்தனை வருஷமா உனக்கு வேற முதலாளி யாரு இருக்கான்? ஏப்ரல்லயே பண்ணிட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"நல்லாத்தான் சொன்னேன். சரக்கைக் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்ல." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "ஆனா தெரிஞ்ச பிறகு நின்னுக்கிட்டு இருக்க முடியுமா? துப்பாக்கி, போர்டு... நீ சொல்லிட்டா அப்புறம் நான் என்ன சொல்றது? அதான் முன்னாடியே போனேன்."

"அது செல்லாது, லூயி."

பெரியவர் வாயை மூடிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. டாரலுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று: அவர் அவனுக்காக நிற்கிறார். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த நாலு வாக்கியங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

"இந்தச் சுற்று முடியட்டும்" என்றான். "முழுசா சொல்றேன். நடுவுல பேசக் கூடாது."

"முழுசா" என்று லூயி, கேள்விப்படாத விலையைச் சொல்லிப் பார்ப்பது போலச் சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தி, "பையன் சொல்றது சரிதான். மறுபடி சுடறோம்" என்றார்.

கோட்டில் போய் நின்றார். பக்கத்தில் ஓப்பல். நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெளியே காற்று தார்ப்பாயை அடித்து அடித்துப் பார்த்தது.

"தயார்!"

டாரலின் வேலை கையைப் பார்ப்பது. அதை மட்டும் பார்த்தான். பழுப்புப் புள்ளிகள் விழுந்த தோல், சதைக்குள் புதைந்த கல்யாண மோதிரம், பிடிக்கு மேலே ஒரு மயிரிழை இடைவெளியில் நிற்கும் கட்டைவிரல். ஒரு மூச்சு. இருமல் இல்லை. இரண்டு மூச்சு. உறை அசையவில்லை. கொட்டகைக்குள் எங்கோ யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம். நடீனோ என்று நினைத்தான், திரும்பவில்லை. மேகம் விலகி, கதவு வழியே சாய்ந்த வெயில் தகரம் முழுக்க ஒரே வெள்ளையாக விழுந்திருந்தது. அதில் விளக்கின் மின்னலைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விளக்கு எரிந்துவிட்டதா, இன்னும் எரியவில்லையா, அவனுக்குத் தெரியவில்லை. கிழவரின் கை மட்டும், அவன் இதுவரை பார்த்திராத விதமாக, காத்துக்கொண்டிருந்தது.